சீரியலில் தகராறு: வயரைத் தொடுவதா, புரோகிராமைத் தொடுவதா?

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கப் பம்புசெட்டுக்குக் கன்ட்ரோலர் செய்து பார்க்கிறவர்கள் நிறைய. பாலிடெக்னிக் பிள்ளைகள் செய்கிறார்கள், ரீவைண்டிங் கடைக்காரர்கள் செய்கிறார்கள், பகலில் வயலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவர்களும் உண்டு. எல்இடியை மினுக்கவைத்து, சென்சாரைப் படிக்கவைத்து முடிக்கிற வரைக்கும் எல்லாம் சுமுகம். இரண்டு போர்டுகளைச் சீரியலில், அதாவது ஒரு வயரில் பிட் பின்னால் பிட்டாக, பேசவைக்கும்போதுதான் முதல் தகராறு வரும். அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போகலாம். நீடாமங்கலம் பக்கம் ஒரு பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க்கிணறு). மோட்டார் கொட்டகையில் ஓர் ஆர்டுயினோ யூனோ ஆர்3. மூன்று பேஸும் வந்துவிட்டதா, குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துச் சொல்வதும், ரிலேயைத் தட்டி மோட்டாரைப் போட்டு நிறுத்துவதும் அதன் வேலை. 300 மீட்டர் தள்ளி வீட்டில் ஓர் ஈஎஸ்பி32. அது வைஃபையில் போனுக்கு அனுப்பும். நடுவே வரப்போரமாக ஒரு கேபிள். மேஜையில் அரை மீட்டர் வயரில் ஒழுங்காக ஓடியது, வயலில் மாட்டியதும் திரையில் குப்பை எழுத்தாகக் கொட்டுகிறது.

உடனே எல்லோரும் திறப்பது புரோகிராமைத்தான். லேப்டாப் மடியிலேயே இருக்கிறது, சால்டரிங் அயர்னோ சூடேற வேண்டும். ஒரு டிலே சேர்ப்பார்கள், அப்புறம் இன்னொரு டிலே. என் கணக்கு வேறு. கோளாறு மின்சாரத்தில் பிறந்திருந்தால் மின்சாரத்தில்தான் தீரும். நேரத்திலோ வரிசையிலோ பிறந்திருந்தால் புரோகிராமில் தீரும். இரண்டு வழியிலும் தீர்க்கக்கூடியவை சில உண்டு. மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சிலவற்றுக்கு மட்டும்தான்.

படி 1: பைட் எங்கே கெடுகிறது?

எதையும் மாற்றுவதற்கு முன் குப்பையை உற்றுப் பாருங்கள். அதிலும் வகை இருக்கிறது.

ஒரே செய்திக்கு ஒவ்வொரு முறையும் அதே குப்பை வந்தால் பாட் ரேட் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) பொருந்தவில்லை, அல்லது சிக்னல் தலைகீழாக வருகிறது. ஆர்எஸ்232 போர்ட் உள்ள பழைய மீட்டரை, சிக்னலை மாற்றிக் கொடுக்கும் மேக்ஸ்232 சிப் இல்லாமல் நேராக மாட்டினால் தலைகீழாகத்தான் வரும். அதில் பிளஸ் மைனஸ் 15 வோல்ட் வரைக்கும் இருக்கலாம் என்பதால் போர்டின் காலும் போய்விடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை என்றால் கிரவுண்ட் அல்லது இரைச்சல். செய்தியின் தலை சரியாக வந்து வால் மட்டும் காணாமல் போனால் பஃபர், அதாவது வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம், நிரம்பிவிட்டது. போர்டு கிளம்பும்போது மட்டும் அனுப்புகிற முதல் வரி நடுநடுவே மறுபடி வந்தால் சீரியலில் குற்றமே இல்லை, போர்டு ரீசெட் ஆகிறது, பவரைப் பாருங்கள்.

அடுத்தது லூப்பேக். யூஎஸ்பி-டிடிஎல் கன்வர்ட்டரின் டிஎக்ஸையும் (அனுப்பும் கால்) ஆர்எக்ஸையும் (வாங்கும் கால்) ஒரு ஜம்பரால் சேர்த்துவிட்டு ஏதாவது அடியுங்கள். அடித்தது திரும்பி வந்தால் லேப்டாப்பும் கன்வர்ட்டரும் நலம். பிறகு அதே கன்வர்ட்டரை யூனோவின் காலிலேயே வைத்துக் கேளுங்கள், பிறகு கேபிளின் மறுமுனையில் கேளுங்கள். நல்ல எழுத்து எந்த இடத்தில் கெட்ட எழுத்தாகிறதோ, அதற்கு முந்தைய துண்டில்தான் உங்கள் வேலை.

வயரில் போகும் பிட்டுகளைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து 'யு'வை இடைவெளி விடாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள். அதன் எட்டு பிட்டுகளும் ஒன்று, சுழியம் என்று மாறி மாறி வரும், ஸ்டார்ட் பிட்டும் ஸ்டாப் பிட்டும் அதே வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஆக வயரில் போவது ஒரு சீரான சதுர அலை. 9600 பாட் என்றால் 4800 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் அளக்கிற மல்டிமீட்டரை டிஎக்ஸ் காலில் வைத்தால் யூனோவுக்கு 4808 அருகில் காட்டும். அதுவே 5000-ஐத் தாண்டினால் கிளாக்கில் கோளாறு. மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றினால் பாதி, அதாவது 2.5 வோல்ட் சுற்றி நிற்கும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அதே கால் முழு 5 வோல்ட்டில் நிற்க வேண்டும். இவ்வளவையும் சாதாரண மீட்டரிலேயே பார்த்துவிடலாம்.

படி 2: கிரவுண்டும் வோல்டேஜும்

இங்கே புரோகிராமுக்கு வேலையே இல்லை. இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் பொதுவாக இல்லையென்றால் என்ன எழுதினாலும் வராது. மேஜையில் இரண்டும் ஒரே லேப்டாப்பில் இருந்ததால் யூஎஸ்பி வழியாகக் கிரவுண்ட் சேர்ந்திருந்தது. தனித்தனி அடாப்டரில் போட்டதும் அது போய்விட்டது. மேஜையில் ஓடிக் கொட்டகையில் ஓடாததற்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

யூனோ 5 வோல்ட், ஈஎஸ்பி32 3.3 வோல்ட். யூனோவின் டிஎக்ஸை ஈஎஸ்பியின் ஆர்எக்ஸில் நேராகக் கொடுக்கக் கூடாது. நடுவில் 1 கிலோ ஓம், ஈஎஸ்பியின் ஆர்எக்ஸ் காலிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போட்டால் 5 வோல்ட் 3.33 ஆக இறங்கும். இரண்டு ரெசிஸ்டர்தான் செலவு. மறுபக்கம், ஈஎஸ்பியின் 3.3 வோல்ட்டை யூனோ ஒன்று என்று எடுத்துக்கொள்ளும், ஆனால் மயிரிழையில். யூனோவின் சிப்புக்குச் சப்ளையில் அறுபது சதவீதம், அதாவது 3 வோல்ட் வேண்டும். மிச்சம் 0.3 வோல்ட்தான். மேஜைக்கு அது போதும், மோட்டார் கொட்டகைக்குப் போதாது. லெவல் ஷிஃப்டர் போடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் இரண்டு பக்கமும் 3.3 வோல்ட் போர்டாகவே வாங்கிவிடுங்கள், இந்தப் படியே வேண்டியதில்லை.

பவரையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மிஸ்டு காலில் மோட்டார் போட ஜிஎஸ்எம் மாட்யூல் சேர்க்கிறவர்கள் சிம்800எல் வாங்குவார்கள். அது டவரோடு பேசும்போது கண்ணிமைக்கும் நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், 3.4 வோல்ட்டுக்குக் கீழே சப்ளை போனால் செத்து எழும். யூனோவின் 5 வோல்ட் காலிலிருந்து டயோடு வழியாகக் கொடுத்துவிட்டு, பதில் வரவில்லை என்று ஏடி கமாண்டை (மாட்யூலுக்குக் கொடுக்கும் கட்டளை) மறுபடி மறுபடி அனுப்பிப் பலனில்லை. தனி சப்ளை, மாட்யூலின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், குட்டையான தடித்த வயர்.

படி 3: வேகம் பொருந்தாவிட்டால்

வயரா, புரோகிராமா என்ற கேள்விக்கு உண்மையிலேயே இரண்டு பதில் இருப்பது இங்கேதான்.

சீரியலில் கிளாக்குக்குத் தனி வயர் கிடையாது. வாங்குகிற சிப் ஸ்டார்ட் பிட்டைப் பார்த்துத் தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. பத்தாவது பிட்டுக்கு வரும்போது அரை பிட் தள்ளிப் போயிருந்தால் தப்பாகப் படிக்கும். கணக்குப் போட்டால் இரண்டு பக்கத்துப் பிசகும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் ஆளுக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

லேபில் இன்னும் 8051 குடும்பத்துச் சிப்புகள்தான் பலருக்குக் கிடைக்கின்றன. அதில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு 9600 கேட்டால் கிடைப்பது 10417. எட்டு சதவீதத்துக்கு மேல் பிசகு, குப்பைதான் வரும். 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விநோதமான எண்ணில் கிரிஸ்டல் விற்பதற்குக் காரணமே இதுதான், அதைப் போட்டால் 9600 அச்சாக வரும். இது வயர் பக்கத்துத் தீர்வு. புரோகிராம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதே 12 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு, பாட் ரேட்டை இரட்டிப்பாக்கும் எஸ்மாட் பிட்டை ஏற்றி, டைமர் பதின்மூன்று எண்ணும்படி வைத்தால் 4808 வரும். 4800-க்கு அது 0.16 சதவீதப் பிசகுதான், தாராளமாக ஓடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மறுமுனையில் இருப்பதும் உங்கள் போர்டுதான் என்றால் 4800-க்கு இறங்கிவிடுங்கள். மோட்டார் ஓடுகிறதா என்ற செய்திக்கு அந்த வேகம் எக்கச்சக்கம். மறுமுனையில் வேகத்தை மாற்ற முடியாத மீட்டரோ ஜிபிஎஸ்ஸோ இருந்தால் கிரிஸ்டலை மாற்றியே ஆக வேண்டும்.

யூனோவிலும் இந்தக் கதை உண்டு, சற்று மெலிதாக. 115200 கேட்டால் அது கொடுப்பது 117647, இரண்டு சதவீதம் கூட. 9600-இல் பிசகு 0.2 தான். அவசியம் இல்லாமல் 115200-ஐத் தொடாதீர்கள். கிரிஸ்டலே இல்லாமல் சிப்பின் உள் கடிகாரத்தில் ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏடிமெகா328-இல் அது தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10 சதவீதம் வரை தள்ளி இருக்கலாம். புரோகிராமில் திருத்தி ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவரலாம்தான், ஆனால் சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கிற சூடும் மார்கழி விடியற்காலையின் குளிரும் அதை மறுபடி நகர்த்தும். கிரிஸ்டல் மலிவு, போட்டுவிடுங்கள்.

படி 4: வால் காணாமல் போனால்

யூனோவில் வருகிற பைட்டுகள் 64 இடம் உள்ள ஒரு பஃபரில் சேர்கின்றன. 9600 பாட்டில் ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. அப்படியென்றால் 67 மில்லி விநாடியில் பஃபர் நிரம்பிவிடும். உங்கள் லூப்பில் ஒரு விநாடி டிலே இருந்தால் நிரம்பிய பிறகு வந்ததெல்லாம் போச்சு. இதற்கு எந்த ரெசிஸ்டரும் உதவாது. டிலேயை எடுத்துவிட்டு போர்டு கிளம்பி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும் மில்லிஸை வைத்து நேரம் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் வந்ததை எடுத்துத் தனி வரிசையில் சேருங்கள், வரி முடிந்ததும் பிரித்துப் படியுங்கள்.

சாதாரணக் கால்களைப் புரோகிராமாலேயே சீரியலாக்கும் சாஃப்ட்வேர் சீரியலின் கதை இதற்கு நேர் எதிர். யூனோவில் ஒரே ஒரு யுஆர்ட்தான் (சீரியலுக்கென்றே சிப்புக்குள் இருக்கும் பகுதி), அதுவும் யூஎஸ்பியோடு பங்கு. அதனால் ஜிஎஸ்எம்முக்கு ஒரு சாஃப்ட்வேர் சீரியல், ஆர்எஸ்485-க்கு இன்னொன்று என்று போடுகிறார்கள். அது ஒரு பைட்டை வாங்குகிற நேரம் முழுக்க இன்டரப்டை, அதாவது நடு வேலையில் சிப்பைக் கூப்பிடும் வசதியை, நிறுத்திவைக்கும். அனுப்பும்போது வாங்காது. இரண்டு இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும். ஒரு மாட்யூலுக்கு, 9600-இல், கேட்டால் மட்டும் பதில் சொல்கிற சாதனத்துக்கு அது போதும். இரண்டாவது வந்துவிட்டால் போராடாதீர்கள், போர்டை மாற்றுங்கள். மெகா 2560-இல் நான்கு யுஆர்ட், ஈஎஸ்பி32-இல் மூன்று. புரோகிராமில் ஒரு வாரம் இழுக்கிற சிக்கல் போர்டு மாற்றியதும் மறைந்துவிடும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். யூனோவின் 0, 1 கால்களில் மாட்யூல் மாட்டியிருக்கும்போது அப்லோடு ஆகவில்லை என்றால் கோளாறு எதுவும் இல்லை, கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.

படி 5: வயலைத் தாண்டும் கேபிள்

300 மீட்டருக்கு டிடிஎல் சிக்னலை, அதாவது போர்டின் காலில் வருகிற சிக்னலை, நேராக ஓட்டக் கூடாது. பாட் ரேட்டைக் குறைத்து, மூன்று முறை அனுப்பி, ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வயல்காரர் ஸ்டார்ட்டரைப் போடுகிற வரைக்கும் ஓடும். இங்கே ஆர்எஸ்485 போடுங்கள். ஏ, பி என்ற இரண்டு வயருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக ஏறுவதால் வித்தியாசத்தில் தெரியாது. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும்.

கேபிளுக்கு லேன் கேபிளே போதும், ஆனால் முழுச் செம்பா என்று பாருங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது இரண்டு மடக்கில் ஒடிந்துவிடும். ஏ, பி இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில் போக வேண்டும். வேறொரு ஜோடியில் கிரவுண்ட். ஆர்எஸ்485-க்குக் கிரவுண்ட் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். ஏ, பி இரண்டும் சிப்பின் கிரவுண்டிலிருந்து மைனஸ் 7-க்கும் பிளஸ் 12 வோல்ட்டுக்கும் நடுவில் இருந்தால்தான் அது கேட்கும். கொட்டகை எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகை இடியில் அந்த இரண்டுக்கும் நடுவே வரும் வோல்டேஜ் சிப்பைக் கருக்கிவிடும். ஐசொலேட் செய்யப்பட்ட, அதாவது கேபிளுக்கும் போர்டுக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாத, ஆர்எஸ்485 மாட்யூல் கொஞ்சம் விலை கூட. டெல்டாவில் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கேபிள் இழுக்கிறவர் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சிக்னல் முனையில் மோதி எதிரொலிக்காமல் இருக்க 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு முனையிலும் கட்டாயம் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அதையும் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம். 300 மீட்டர் போய்த் திரும்ப சிக்னலுக்கு ஏறக்குறைய 3 மைக்ரோ விநாடி. 9600 பாட்டில் ஒரு பிட்டே 104 மைக்ரோ விநாடி. பிட்டின் நடுவில் எட்டிப் பார்ப்பதற்குள் எதிரொலியெல்லாம் அடங்கிவிடும். ஆகவே இந்த நீளத்துக்கு 9600-இல் அது இல்லாமலும் ஓடும். புரோகிராமில் வேகத்தைக் குறைத்தே ஒரு வன்பொருள் சிக்கலைத் தள்ளிவைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், மலிவு மேக்ஸ்485 மாட்யூல்களில் 120 ஓம் பற்றவைத்தே வரும். ஐந்து மாட்யூலை ஒரே லைனில் மாட்டினால் மொத்தம் 24 ஓம் ஆகி, அனுப்புகிற சிப் திணறும். பவரை அணைத்துவிட்டு ஏ, பிக்கு நடுவே ஓம் பாருங்கள். 60-க்குப் பக்கத்தில் காட்டினால் முனைக்கு ஒன்று சரியாக இருக்கிறது. அதற்கு ரொம்பக் கீழே போனால் நடுவிலுள்ள மாட்யூல்களில் அதைக் கழற்றுங்கள். அதோடு மேக்ஸ்485 5 வோல்ட் சிப். ஈஎஸ்பி பக்கம் 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 வாங்குங்கள்.

ஆர்எஸ்485-இல் புரோகிராம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, திசை மாற்றுவது. அனுப்புவதற்கு ஆர்எஸ்485 சிப்பின் டிஇ காலை ஏற்ற வேண்டும், முடிந்ததும் இறக்க வேண்டும். சீரியல் பிரிண்ட் என்று எழுதிய அடுத்த வரியிலேயே இறக்கினால் பைட்டுகள் இன்னும் பஃபரிலேயே இருக்கும், செய்தி வெட்டுப்படும். நடுவில் சீரியல் ஃபிளஷ் போடுங்கள், கடைசி பிட்டும் போன பிறகுதான் அது திரும்பும். பாதுகாப்புக்கு என்று டிலே போட்டால் மறுமுனை பதில் பேச ஆரம்பித்துவிடும், இரண்டும் மோதும். தானாகவே திசை மாற்றும் மாட்யூலும் கிடைக்கிறது. நீளமான லைனில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பல மலிவு மாட்யூல்கள் சுழியத்தை மட்டும் பலமாக ஓட்டிவிட்டு, ஒன்றை ரெசிஸ்டரிடம் விட்டுவிடுகின்றன.

ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் இழுக்கும்போதும் விடும்போதும் மட்டும் செய்தி கெட்டால், முறையான வைத்தியம் காயிலுக்குக் குறுக்கே அதன் வோல்டேஜுக்கு ஏற்ற ஸ்னப்பர் (மின் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்). 415 வோல்ட் ஓடுகிற பெட்டி அது. மெயினை இறக்காமல் திறக்காதீர்கள், பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் ஓர் இலவச வழி இருக்கிறது. ரிலேயைத் தட்டுவது உங்கள் புரோகிராம்தானே? தட்டுவதற்கு முன்னும் பின்னும் அரை விநாடி சீரியலில் எதுவும் பேசாமல் இருங்கள், அந்த நேரத்தில் வந்ததைத் தூக்கிப் போடுங்கள். யாராவது கையால் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மட்டும் இது பலிக்காது.

படி 6: செக்சம்

எல்லாம் சரியாக இருந்தாலும் எப்போதாவது ஒரு பிட் புரளும். மோட்டாரை நிறுத்து என்பது ஓட்டு என்று படிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் சிஆர்சி16 சேருங்கள், செய்தியிலிருந்தே கணக்கிட்டு வாலில் ஒட்டும் சரிபார்ப்பு எண் அது. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் ஆர்டியு முறை அதைத்தான் செய்கிறது, தயார் லைப்ரரியும் இருக்கிறது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள், மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடம் வீட்டிலிருந்து செய்தியே இல்லையென்றால் மோட்டாரை என்ன செய்வது என்பதை யூனோவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மறுபடி அனுப்புவது கோளாறைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிற மாதிரிதான். எத்தனை செய்தி சிஆர்சியில் தோற்றது என்று எண்ணி, அந்த எண்ணையும் போனுக்கு அனுப்புங்கள். குறுவைக்குத் தண்ணீர் திறந்த நாளிலிருந்து ஒன்றும் இரண்டுமாக இருந்தது திடீரென்று நூறுக்குப் போனால், எங்கேயோ ஜாயின்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது அல்லது எலி கேபிளைக் கடிக்க ஆரம்பித்திருக்கிறது. முழுதாக அறுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

படி 7: பெட்டி வயலுக்குப் போவதற்கு முன்

புரோகிராமில் திருத்துவது இலவசம் என்பார்கள். சேற்றில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், யூஎஸ்பி வயரை மாட்டி, கொசுக்கடியில் அப்லோடு செய்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஈஎஸ்பி32-ஐ வைஃபையிலேயே அப்டேட் செய்யலாம், கொட்டகையில் இருக்கிற யூனோவுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பின்னால் மாற வாய்ப்புள்ள எண்களை, பாட் ரேட், எத்தனை முறை மறுபடி அனுப்புவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எல்லாவற்றையும் கரண்ட் போனாலும் அழியாத ஈஈபிராம் நினைவகத்தில் வைத்து, வீட்டிலிருந்தே சீரியல் வழியாக மாற்றும்படி செய்துவிடுங்கள். பாட் ரேட்டை மட்டும், புது வேகத்தில் பத்து விநாடிக்குள் பேச்சு வராவிட்டால் பழையதற்கே திரும்பும்படி எழுதுங்கள். இல்லையென்றால் அதற்காகவே மறுபடி சேற்றில் நடக்க வேண்டியிருக்கும்.

போர்டு அடிக்கிறவர்கள் 120 ஓமுக்கும், யாரும் பேசாதபோது லைனை நிலையாக வைக்கும் பயாஸ் ரெசிஸ்டருக்கும், இடியின் துள்ளலைத் தாங்கும் சர்ஜ் டயோடுக்கும் இடம் விட்டு அடியுங்கள். இப்போது பற்றவைக்காவிட்டாலும் பரவாயில்லை, காலி இடத்துக்குக் காசு கிடையாது. ஜம்பர் வைத்தால் தங்கமுலாம் பூசியதாக வையுங்கள், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் மற்றவை பச்சை பிடித்துவிடும். கேபிள் பெட்டிக்குள் நுழைவது அடிப்பக்கத்திலிருந்து இருக்கட்டும், நுழைவதற்கு முன் ஒரு வளையம் தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டையை அடைக்க மறக்காதீர்கள். பெட்டிக்குள் வெதுவெதுப்பாக இருப்பதால் பல்லி தேடி வரும், ஏ-க்கும் பிக்கும் நடுவில் அது படுத்துக்கொண்டால் எந்த சிஆர்சியும் காப்பாற்றாது.